நிழலில் வைத்த ஏழு பதிவுகள்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் சாலையின் இடது ஓரமாக நடப்பார்கள். மலை வலப்பக்கம் இருக்கும். மலையை ஒட்டிய அந்த வலது ஓரத்தைச் சித்தர்களுக்கென்று விட்டுவிடுவது வழக்கம். அவர்களும் சுற்றுகிறார்களாம், நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லையாம். ஆதிலட்சுமி இதை நம்பினாளா என்றால், ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அடி அண்ணாமலையில் பிறந்தவள், நடை பழகும்போதே இடது ஓரமும் பழகிவிட்டது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு அறைகள். அறை கூட்டித் துடைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கணினியில் அறை பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள். தபால் வழியில் பி.காம். முடித்தது அதற்கப்புறம். கோணலாகக் கிடக்கிற மிதியடியைக் காலால் சரிசெய்யாமல் தாண்டிப் போக அவளால் முடியாது. சண்டை என்றால் மட்டும் ஆகாது. இரண்டு பேர் குரலை உயர்த்தினால் அவள் ஏதாவது அறைக்குத் துண்டு கொடுக்கப் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை முப்பதாயிரம் பேர் சண்டை போடுகிற இடத்துக்குக் காவல் வைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கிரிவலப் பாதை மன்றம் என்று இணையத்தில் ஒரு பேச்சு மன்றம் இருக்கிறது. இந்த ஊர்க்காரனான சுரேஷ்குமார் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே அதை நடத்துகிறான். எந்த நேரத்தில் நடந்தால் கூட்டம் கம்மி, எந்த விடுதியில் வெந்நீர் வரும், பேருந்தை எங்கே நிறுத்துகிறார்கள் என்று ஆரம்பித்த பேச்சு, ஊர்க்கதை, சாதிக்கதை, கட்சிக்கதை என்று கிளை விட்டுவிட்டது. அறை பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதிய ஆதிலட்சுமியை அவன் மாடரேட்டர் ஆக்கினான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் கணவன் அருணகிரி இதற்குச் சம்பளம் இல்லாத உத்தியோகம் என்று பெயர் வைத்தான். மன்றத்தில் அவளுக்கு வேறு பெயர். கத்தரியம்மா.

வேலை இதுதான். ஒரு பதிவு பிடிக்காதவர்கள் அதன் மேல் புகார் கொடுப்பார்கள். புகார் வந்தவை வரிசையாக அவள் திரையில் நிற்கும். ஒவ்வொன்றையும் படித்து, இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்து, கூடாது என்றால் எந்த விதிப்படி என்று ஒரு எண்ணைப் போட்டு நீக்க வேண்டும். காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பாள், சாவிகளை எண் வரிசையில் மாட்டுவாள், அப்புறம் வரிசையைப் பார்ப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆதிலட்சுமியின் கையில் இருந்தது.

நீக்கிய பதிவு அழிந்து போவதில்லை. ஊருக்குத்தான் அது தெரியாது, நீக்கியவளுக்குத் தெரியும். அவள் பார்க்கிற பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் அங்கேயே கிடக்கும். நாலு வருடத்தில் அப்படி ஒன்பதாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. யாராவது ஒரு பேச்சைப் பார்த்து, எல்லாரும் எவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள் என்று பாராட்டினால் அவள் தலையை ஆட்டிவைப்பாள். அந்த மரியாதைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் அவளுக்குத் தெரிவார்கள்.

மன்றத்தின் ஏழாவது விதி அவளே கேட்டு வாங்கியது. இரண்டு வருடம் முன்பு ஒருவர், கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் சித்தரைக் கண்டேன் என்று எழுதினார். அரைமணி நேரத்தில் முந்நூறு பேர் அங்கே ஓடினார்கள். விபூதி பூசிக்கொண்டு ஒரு கில்லாடி உட்கார்ந்திருந்தான். காலில் விழப் போன தள்ளாடுகிற அம்மாள் ஒருத்தி நெரிசலில் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அந்த அம்மாள் தங்கியிருந்தது ஆதிலட்சுமியின் விடுதியில், நாலாம் எண் அறையில். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்த கையோடு சுரேஷ்குமாரைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து சித்தரைப் பார்த்தேன் என்கிற பதிவு எதுவானாலும் உடனே நீக்கம்.

நீக்கியும் அடங்காதவர்களுக்கு இன்னொன்று இருந்தது. நிழலில் வை என்று பெயர். நிழலில் வைக்கப்பட்டவருக்கு அது தெரியாது. அவர் எழுதுவது அவர் போனில் ஒழுங்காகத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

“தடை பண்ணா வேற பேர்ல வந்துடுவாங்கக்கா. நிழல்ல வெச்சிட்டா, பேசிப் பேசிப் பாத்துட்டு அவங்களே ஓஞ்சிடுவாங்க” என்று சுரேஷ்குமார் சொல்லிக்கொடுத்தான்.

சண்டை இல்லை, விளக்கம் இல்லை, யாரும் அவளைத் திட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆதிலட்சுமிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. பதினேழு பேரை நிழலில் வைத்திருந்தாள்.

போன கார்த்திகை தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் மணிவேல் என்கிற பெரியவர் கூட்டத்தில் தொலைந்துபோனார். எழுபத்தொரு வயது, மணிலாக்கொட்டை போட்டு வந்த விவசாயி, ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மகள் அருணாதேவி அங்கே மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். செருப்பு வார் அறுந்தது என்று குனிந்தவள் நிமிர்ந்தபோது கை இல்லை. அவள் மன்றத்தில் அப்பாவின் படத்தைப் போட்டாள். வழித்த முகம், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கீழே, எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் ராஜம்மா என்று கூப்பிடுவார், அது இறந்துபோன என் அம்மாவின் பெயர் என்று எழுதியிருந்தாள்.

தீபத்தன்று தொலைகிறவர்கள் நூறு பேர் என்றால் மறுநாளே தொண்ணூற்றொன்பது பேர் கிடைத்துவிடுவார்கள். மணிவேல் கிடைக்கவில்லை. ஆதிலட்சுமி அந்தப் பதிவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி பொருத்தி வைத்தாள். மன்றத்தைத் திறக்கிற எவரும் அதைப் பார்க்காமல் கீழே போக முடியாது. தன்னால் ஆன உதவி என்று மனசுக்குள் அவளுக்கு ஒரு நிறைவு.

மார்கழிப் பௌர்ணமியன்று ஒரு பதிவு வரிசையில் வந்து நின்றது. வாயால் சொல்லி போனையே எழுத வைத்தது போலிருந்தது. நிறுத்தம் இல்லை, புள்ளி இல்லை.

“மலைப்பக்கம் ஒரு பெரியவர் தனியா போறாரு சட்டை இல்ல வேட்டி மட்டும் கூப்பிட்டா திரும்பல யாருக்காவது தெரியுமா சுக்கு காபி பத்து ரூபா”

கடைசியைப் படித்து ஆதிலட்சுமி சிரித்தாள். ஏழாவது விதி என்று போட்டு நீக்கினாள். தையில் அதே ஆள், அதே பேச்சு. மறுபடி நீக்கம். மாசியில் அந்தப் பதிவு வந்த பத்து நிமிடத்தில் நாற்பது பேர் அதன் கீழே எந்த இடம், எந்த லிங்கம் என்று கேட்டுவிட்டார்கள். நாலாம் எண் அறை அம்மாளின் முனகல் அவள் காதில் கேட்டது. முதல் வரியை மட்டும் பார்த்தாள், மலைப்பக்கம் ஒரு பெரியவர் என்று இருந்தது. நிழலில் வை என்பதை அழுத்தி, கீழே இருந்த நாற்பது கேள்விகளையும் நீக்கிவிட்டு ஆறாம் எண் அறைக்குத் துண்டு கொடுக்கப் போனாள்.

இரண்டாவது வரியில், ரெண்டு இட்லி குடுத்தேன் சாப்பிட்டாரு என்று இருந்தது. இட்லி வரை படித்திருந்தால் போதும். சித்தரைப் பார்த்தேன் என்று எழுதுகிறவர்கள் யாரும் அவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எழுதுவதில்லை.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை சுரேஷ்குமார் கூப்பிட்டான். மன்றத்தைப் புது இடத்துக்கு மாற்றுகிறானாம், பழைய குப்பையைக் கூட்டித் தள்ளச் சொன்னான். நிழலில் உள்ளவர்களை மொத்தமாக அழித்துவிடலாம், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றான். கூட்டித் தள்ளுவது என்றால் ஆதிலட்சுமிக்கு அல்வா. பதினேழு பெயரையும் திறந்தாள். அவன் சொன்னது சரிதான், ஒவ்வொருவராக ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒருவர் நாலு நாளில், ஒருவர் இரண்டு வாரத்தில். பதினாறு பேரை அழித்தாள்.

பதினேழாவது பெயர் சந்திரா. அதில் கடைசிப் பதிவு போன பௌர்ணமியன்று போடப்பட்டிருந்தது. அதற்கு முந்தினது அதற்கு முந்தின பௌர்ணமி. ஏழு பதிவுகள். ஏழு மாதமாக ஒரு ஆள் யாருமே இல்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆதிலட்சுமி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலாவது அந்த இட்லிப் பதிவு. இரண்டாவது, பங்குனியில், அருணாதேவியின் பதிவுக்கு நேர் கீழே போடப்பட்டிருந்தது. “இந்த போட்டோல இருக்கற மாதிரி ஒருத்தர் என் கடைக்கு வர்றாரு தாடி இருக்கு போட்டோல இல்ல நீங்க வந்து பாத்தா தெரியும் அடி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கம் போற வழியில சந்திரம்மா சுக்கு காபி கடைன்னு கேளுங்க”

அது சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே, மூன்று மணி நேரம் கழித்து, அருணாதேவி எழுதியது எல்லாருக்கும் தெரியும்படி வெள்ளையில் இருந்தது. ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை, யாராவது பதில் போடுங்கள்.

ஆதிலட்சுமி தன் பெயரிலிருந்து வெளியேறி, சாதாரண ஆளாக அதே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அருணாதேவியின் பதிவு மட்டும் இருந்தது. மறுபடி மாடரேட்டராக நுழைந்தாள். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. வெளியே போனாள், சந்திரம்மாள் இல்லை. உள்ளே வந்தாள், இருந்தாள். நாலு முறை இப்படிச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சித்திரைப் பதிவு சின்னது. “அந்தம்மாவுக்கு எழுதினேன் பதில் போடல எனக்குக் கீழயே வேற எழுதியிருக்காங்க அப்ப படிச்சிருக்காங்க இவர் அவங்க அப்பா இல்ல போல”

வைகாசி. “இன்னிக்குப் பக்கத்துல வந்து நின்னாரு நான் பேசிட்டிருக்கேன் பாருங்க இவருதான் ராஜம்மா ராஜம்மா பசிக்குது யாருங்க ராஜம்மா நான் சந்திரா”

இதை ஆதிலட்சுமி மூன்று முறை படித்தாள். சந்திரம்மாள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த போன், பக்கத்தில் நின்றவர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறது. ராஜம்மா என்ற சொல் சந்திரம்மாளுடையது இல்லை. அருணாதேவியின் அப்பாவுடையது. சித்தர் குரலைப் போன் எழுதாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சந்தோஷமும். மனிதர்தான், உயிரோடுதான் இருக்கிறார்.

ஆனால் அது வைகாசி. இன்னும் மூன்று பதிவுகள் இருந்தன.

ஆனியில் சந்திரம்மாள் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டிருக்கிறாள். எந்தப் பெரியவர் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். பந்தோபஸ்துக்கு நின்ற காவலரைக் கேட்டாளாம், இங்கே சாமியாருக்கா பஞ்சம் என்று சிரித்தாராம். கடைசி வரி இது: “இங்கயும் யாரும் பதில் போடல ரோட்லயும் யாரும் பாக்கல எனக்கு மட்டும்தான் தெரியறாரா”

ஆடி. “இனிமே இட்லி வெக்கல அவருக்கு எதுக்கு இட்லி தெரியாம எச்சில் கையால போட்டுட்டேன் மன்னிச்சிடுங்க சாமி மலைப்பக்கம் கல்லு மேல கற்பூரம் ஏத்தி ஒரு டம்ளர் வெச்சேன் பொழுது விடிஞ்சி பாத்தா காலியா இருந்துச்சி”

ஆவணி. “இன்னிக்கு நான் நிமிந்து பாக்கல வந்து நின்னாரு கால் மட்டும் தெரிஞ்சிச்சி சத்தமே இல்ல ரொம்ப நேரம் நின்னாரு நான் பாக்கல”

அதில் ராஜம்மா இல்லை. போன் அவருடைய குரல் எதையும் எழுதவில்லை.

விடுதி முற்றத்தில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் எண் அறைக்காரர் சாவி கேட்டு இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது. மனிதனாக இருந்த ஒருவரை நான் என்ன ஆக்கிவிட்டேன் என்று நினைத்தாள். வைகாசியில் பசிக்குது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் இப்போது பேச்சில்லாமல் வந்து நின்றுவிட்டுப் போகிறார். வந்து நிற்பது அவர்தானா, இல்லை அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று நினைத்தபோது, அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

சுரேஷ்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஒரு யோசனை சொன்னான்.

“அந்தப் பெரியவர் பொண்ணுக்கு நேரா போன் பண்ணிச் சொல்லிடுங்கக்கா. பதிவை மட்டும் வெளிய விடாதீங்க. மாத்தும்போது அதுவே அழிஞ்சிடும், யாருக்கும் தெரியாது.”

நல்ல யோசனைதான். ஆதிலட்சுமி அதை ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தாள் என்பதும் உண்மை. பெரியவர் கிடைத்தால் போதும், யார் மறைத்தார்கள் என்பது எதற்கு? முப்பதாயிரம் பேர் வாயில் விழ வேண்டுமா? ஆனால் அவரை வேறு யாராவது பார்த்திருக்கலாம், தாடியோடு, சட்டை இல்லாமல், சாமியார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கலாம். அவர்கள் இதைப் படித்தால்தானே வாயைத் திறப்பார்கள்?

முதலில், மன்றத்தில் பதிந்திருந்த எண்ணில் அருணாதேவியைக் கூப்பிட்டாள். தான் யார், என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று எதையும் விடாமல் சொன்னாள். மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது போனில் கேட்டது.

“எப்போலருந்துங்க?” என்றாள் அருணாதேவி.

“மாசிலருந்து.”

“அந்தப் பக்கத்த நான் தெனம் பாக்கறேங்க. காலையில ஒருவாட்டி, கடை மூடிட்டு ஒருவாட்டி.”

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ஆதிலட்சுமிக்கு இருந்தது. அந்தக் கடை பௌர்ணமியன்றுதான் இருக்கும் என்று ஆதிலட்சுமி சொல்ல, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அருணாதேவி போனை வைத்தாள்.

பிறகு ஆதிலட்சுமி அந்த ஏழு பதிவுகளையும் நிழலிலிருந்து எடுத்தாள். சாம்பல் போய் வெள்ளை வந்தது. பழைய தேதியோடு அவை தத்தம் இடத்தில் போய் நின்றன, எப்போதும் அங்கேயே இருந்தவை போல. எல்லாவற்றுக்கும் கீழே, இவற்றை மறைத்தது நான், சரியாகப் படிக்காமல் மறைத்தேன் என்று தன் முழுப்பெயரில் எழுதினாள். ஐந்து நிமிடத்தில் அதன் மேல் புகார்கள் வந்தன, கூடவே வசவுகள். அவள் எதையும் நீக்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் அடி அண்ணாமலையில் கூட்டம் திமிற ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ அதற்குமேல் போகாது என்று அருணகிரி இருவரையும் இறக்கிவிட்டான். அருணாதேவி முப்பத்தைந்து வயதுக்காரி, ஒல்லி. பையில் அப்பாவின் சட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தாள். ஆதிலட்சுமிக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். இருவரும் இடது ஓரமாகவே நடந்தார்கள். வலது ஓரம் நீளத்துக்கும் காலியாகக் கிடந்தது. ஆதிலட்சுமி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள். நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் காலி இடத்துக்குப் பயந்தாள்.

கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு மேசை, ஒரு காபி டிரம், இட்லி வைத்த தூக்குப் பாத்திரம். சந்திரம்மாள் அறுபதை நெருங்கியவள், நெற்றி நிறைய விபூதி. சாலைக்கு அந்தப் பக்கம், மலையோரத்துப் புளியமரத்தடியில் ஒரு கல்லில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு டம்ளர். போகிறவர்கள் சிலர் என்ன ஏது என்று தெரியாமலே அந்தக் கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆதிலட்சுமி பேச்சை எடுப்பதற்குள் சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றைக் காட்டினாள். போன்.

“நேத்துலருந்து கத்திக்கிட்டே கீதும்மா. ஏழு மாசமா ஒருத்தரும் பேசல. திடீர்னு எல்லாரும் பேசறாங்க. நான் மாசியில சொன்னதுக்கெல்லாம் இப்போ பதில் சொல்றாங்க. எம்புள்ள கோபி வாங்கிக் குடுத்த போனு, தூக்கிப் போடவும் மனசு வரல. துணியைச் சுத்தி வெச்சிட்டேன்.”

அது பேய் இல்லை என்று ஆதிலட்சுமி விளக்கினாள். நீங்கள் எழுதியது உங்கள் போனில் மட்டும்தான் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியாமல் நான்தான் வைத்தேன் என்றாள். சந்திரம்மாளுக்கு விளங்கவில்லை. நான் போட்டது எனக்குத் தெரிஞ்சுதே என்றாள். உங்களுக்கு மட்டும்தான் தெரியும் அக்கா என்றாள் ஆதிலட்சுமி. அதைக் கேட்டதும் சந்திரம்மாளின் முகம் ஒருமாதிரி ஆயிற்று. எனக்கு மட்டும்தான் என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் வேறு எதையோ சொல்கிறாள் என்பது ஆதிலட்சுமிக்குப் புரிந்தது.

ஆறு மணி தாண்டி நிலா ஏறியது. கூட்டம் சிவசிவ என்று ஓடுகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சந்திரம்மாள் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“வந்துட்டாரு” என்றாள்.

ஆதிலட்சுமி பார்த்தாள். சாலையின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. கல், கற்பூரம், புளியமரம், அதன் பின்னால் கருப்பாக மலை. அருணாதேவி அவள் தோளைப் பிடித்தாள். எங்கே, எங்கே என்று கேட்டாள்.

“அங்கதான் நிக்கறாரு” என்றாள் சந்திரம்மாள், தலையைத் தூக்காமல்.

யாரும் இல்லை. ஆதிலட்சுமிக்கு ஒரே நினைப்புதான். ஆக, போய்ச் சேர்ந்துவிட்டார், இந்தச் சந்திரம்மாளுக்கு மட்டும் வந்து நிற்கிறார், பசிக்கிறது என்று அவர் சொன்ன மாதத்தில் நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது புளியமரத்தின் ஒரு பாதி அசைந்தது. மரத்தோடு மரமாக, மண் நிறத்து வேட்டியில், மார்பு வரை தாடியோடு சாய்ந்திருந்த உருவம் நிமிர்ந்து ஒரு அடி எடுத்து வைத்தது. கற்பூர வெளிச்சத்தில் விலா எலும்புகள் தெரிந்தன. கையில் எதுவும் இல்லை, காலில் செருப்பு இல்லை.

“இவர் இல்லைங்க” என்றாள் அருணாதேவி. “எங்கப்பா இப்படி இருக்க மாட்டாரு.”

அந்த மனிதர் நடக்கிறவர்களைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வந்தார். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை, பார்க்காமலே ஒதுங்கி வழிவிட்டார்கள். மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சந்திரம்மாள் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய உதடு அசைந்தது. முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை சொல் வந்தது.

“ராஜம்மா.”

அருணாதேவி பையைக் கீழே போட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்பா என்று அவள் சொன்னது வெளியே கேட்கவில்லை. அவளையும் அவர் ராஜம்மா என்றுதான் கூப்பிட்டார்.

சந்திரம்மாள் தலையை நிமிர்த்தினாள். அந்தப் பெண்ணின் கைகள் அவர் கைகளைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பிடித்த இடத்தில் தோல் அமுங்கியிருப்பதைப் பார்த்தாள். ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கும் தெரியறாராம்மா?”

“தெரியறாருக்கா.”

“இந்தப் பொண்ணுக்கும்?”

“எல்லாருக்கும் தெரியறாருக்கா. எப்பவும் தெரிஞ்சாரு. நீங்க போட்டத நான்தான் மறைச்சேன்” என்றாள் ஆதிலட்சுமி.

“ரெண்டு மாசமா இவர் வந்து நின்னாரும்மா” என்றாள் சந்திரம்மாள். “நான் சோறு போடல.”

பெரியவர் மகளின் பிடியில் இருந்தபடியே மேசை மேல் இருந்த தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தார்.

“பசிக்குது, ராஜம்மா” என்றார்.

சந்திரம்மாள் பாத்திரத்தை இழுத்தாள். மூடி மேல் கையை வைத்தபடி அவருடைய விலா எலும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆதிலட்சுமி அதை வாங்கித் திறந்து, இரண்டு இட்லியை இலையில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் அவர் முன்னால் நீட்டினாள்.